மருந்தும் குழலும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள கார்ன்வாலிஸ் கோட்டைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் முதலில் காட்டுவது செரி ரம்பாய்ப் பீரங்கியைத்தான். 1603ஆம் ஆண்டு டச்சு நாட்டில் வார்க்கப்பட்ட அப்பீரங்கி ஜொகூர், அச்சே, சிலாங்கூர் எனப் பல கை மாறி, 1871இல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டுப் பினாங்கு வந்து சேர்ந்தது. பிள்ளைப்பேறு வேண்டிய மகளிர் அதற்கு மலர் சார்த்தி வணங்கிய கதையும் உடன் சொல்லப்படும். மாணவர் வியப்புடன் கேட்பர். ஆனால் அதே கோட்டைக்குள், தடித்த சுவர்களுடன் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு சிறு கட்டடத்தின் முன் நிற்போர் சிலரே. அது 1814இல் எழுப்பப்பட்ட மருந்துக் கிடங்கு. நோய் தீர்க்கும் மருந்தன்று; வெடிமருந்து. கோட்டையின் பீரங்கிகள் அனைத்தும் இக்கிடங்கை நம்பியே வாய் திறந்தன.

மருந்து என்னும் சொல்லே ஆராயத்தக்கது. பிணியை நீக்குவதும் மருந்து. குழலில் இட்டு வெடிப்பதும் மருந்து. மலாய் மொழியிலும் இதே நிலைதான். நோய்க்கு உண்பது 'ஊபாட்'. வெடிமருந்து 'ஊபாட் பெடில்'. அந்தப் 'பெடில்' என்பது தமிழின் 'வெடில்' என்னும் சொல்லிலிருந்து சென்றது எனச் சொல்லாய்வாளர் கூறுவர். மற்றச் சொற்கள் பல திசையிலிருந்து வந்தவை. மலாயில் துப்பாக்கியைக் குறிக்கும் 'செனாப்பாங்' டச்சுச் சொல். குண்டைக் குறிக்கும் 'பெலுரு' போர்த்துகீசியச் சொல். தமிழில் வழங்கும் 'துப்பாக்கி' துருக்கி மொழி வழியாக வந்தது. 'பீரங்கி' பரங்கியரின் பெயரோடு தொடர்புடையது. 'தோட்டா' வடக்கே வழங்கிய சொல். கருவி வந்த வழியிலேயே பெயரும் வந்தது.

படைக்கலங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் குழலைப் பற்றியே எழுதியுள்ளனர். தோட்டாவின் கதை அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. ஆயினும், குழலை யார் வைத்திருந்தார் என்பதைவிட, அதற்குரிய தோட்டாவை யார் செய்தார், யார் தடுத்தார் என்பதே பல சமயங்களில் வரலாற்றை முடிவு செய்திருக்கிறது. இவ்வுண்மை மிகத் தெளிவாக விளங்குவது இரட்டைக்குழல் ரைபிளில். குழலின் உட்புறம் திருகுவரிகள் வெட்டப்பெற்று, குண்டைச் சுழலச் செய்து நேராகச் செலுத்துவது ரைபிள். அத்தகைய குழல் இரண்டை அருகருகே இணைத்து யானை, காட்டெருமை, புலி ஆகியவற்றை வேட்டையாடுவதற்கென ஆங்கிலேயக் கைவினைஞர் செய்த கருவியே இங்குப் பேசப்படுவது.

முதலில், தோட்டா என ஒன்று தனியே இல்லாத காலம். மருந்தை அளந்து குழலின் வாய்வழியே கொட்டி, ஈயக்குண்டை வைத்து, நெடுங்கோலால் இடித்து இறுக்குவர். மருந்து என்பது நூற்றில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கலவை. இவற்றுள் வெடியுப்பே அரியது. 1758இல் கிழக்கிந்தியக் கும்பினியார் பீகாரின் வெடியுப்பு வாணிகத்தைத் தமக்கே உரியதாக்கிக் கொண்டதன் பொருள் இதனால் விளங்கும். மருந்தின் தலைவாயிலை அடைத்தவனுக்கு எதிரியின் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பறிக்க வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது.

எனினும் பறிக்கவும் செய்தனர். 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையக்காரரும் அவர்தம் மக்களும் படைக்கலம் ஏந்துவதைத் தடுத்தது. 1802இல் சின்ன மருதுவின் மகன் துரைசாமி, சிவகங்கை வேங்கன் பெரிய உடையத் தேவர் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டு நாடு கடத்தப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்து இறக்கப்பட்ட இடம் இப்பினாங்குத் தீவே. சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றவரும் பின்னர் அவரை எதிர்த்துப் போரிட்டவருமான ஜேம்ஸ் வெல்ஷ், 1818இல் பினாங்கில் துரைசாமியை உருக்குலைந்த நிலையில் கண்டதைத் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். படைக்கலம் இழந்த ஒரு நாட்டின் பிள்ளைகள், மருந்துக் கிடங்கு எழும்பிய தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். தமிழாசிரியர் மாணவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது.

தமிழகத்தில் குடிமக்களின் துப்பாக்கி அடங்கியபின், கடலுக்கு அப்பால் ஈழத்துக் காடுகளில் ஆங்கிலேயரின் துப்பாக்கி ஓங்கி ஒலித்தது. காப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்ட காலம் அது. மேஜர் ரோஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேல் கொன்றார் என்பர். அவர் 1845இல் அப்புத்தளையில் இடி தாக்கி இறந்தார். நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட ஈழத்து வேட்டை நூல் புகழ்பெற்றது. அவருடைய பெருந்துப்பாக்கி ஒன்று 21 பவுண்டு எடையுடையது. ஒரு முறைக்கு 16 டிராம் மருந்து கொள்வது. அக்கால அளவைகளை அறிந்தாலன்றி இதன் கடுமை விளங்காது. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு டிராமுக்கு 27 கிரெய்னுக்குச் சற்று மிகுதி. பொற்கொல்லர் தராசில் இடும் குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெய்ன் நிற்கும். ஆகவே பேக்கர் ஒரு வேட்டுக்கு இட்ட மருந்து இருநூறு குன்றிமணிக்கு மேல்! அக்காலத் துப்பாக்கியின் வாயளவும் எடையால்தான் குறிக்கப்பட்டது. ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை செய்தால் ஒன்று அக்குழலுக்குப் பொருந்துமோ, அந்த எண்ணே அதன் பெயர். எட்டு எனில் உருண்டை இரண்டு அவுன்ஸ்; நான்கு எனில் நான்கு அவுன்ஸ். எண் சிறுக்கக் குழல் பெருக்கும். இதனைக் கேட்கும் மாணவர் முதலில் மயங்குவது இயல்பு.

வாய்வழி நிரப்பும் துப்பாக்கியில் இரண்டு குழலும் வெடித்துவிட்டால் வேட்டைக்காரன் கையில் எஞ்சுவது கழிதான். மீண்டும் நிரப்புவதற்குள் யானை வந்துவிடும். எனவே நிரப்பிய துப்பாக்கிகளுடன் ஏவலர் பின்னால் நிற்பர். அவர்கள் ஓடாமல் நின்றதால் உயிர் பிழைத்த துரைமார் பலர். துரைமாரின் பெயர் நூலில் நின்றது. ஏவலரின் பெயர் பெரும்பாலும் நிற்கவில்லை.

நிலைமையை மாற்றியது பின்புறம் திறக்கும் துப்பாக்கி. லெஃபோஷே என்னும் பிரெஞ்சுக்காரரின் அமைப்பு 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் காட்டப்பட்டபின் ஆங்கிலக் கைவினைஞர் அதைப் பின்பற்றினர். இதற்கிடையே படைவீரர் பயன்படுத்தியது காகிதத் தோட்டா. அதன் கொழுப்புப் பூச்சு 1857இல் வட இந்தியாவில் என்ன விளைத்தது என்பதை வரலாற்றுப் பாடநூல்கள் விரிவாகக் கூறுகின்றன. அதன்பின் காகிதம் போய்ப் பித்தளை உறை வந்தது. மருந்து, குண்டு, தீ மூட்டும் கேப்பு ஆகிய மூன்றும் ஒரே உறையில் அடங்கின. லண்டன் ஈலி, பர்மிங்காம் கைனக் ஆகிய நிறுவனங்கள் இத்தொழிலில் பெயர் பெற்றன.

பித்தளை உறையின் சிறப்பு, அது வெடித்தபின் அழிவதில்லை என்பதே. காட்டில் கூடாரமடித்த வேட்டைக்காரர் மாலையில் விளக்கின் கீழ் அமர்ந்து, வெடித்த உறைகளைத் தாமே மீண்டும் நிரப்பினர். பழைய கேப்பை ஊசியால் தள்ளி எடுப்பர். கரி படிந்த உறையை வெந்நீரில் கழுவிக் காய வைப்பர். புதிய கேப்பை அழுத்துவர். மருந்தை அளவுக் கிண்ணத்தால் அளந்து கொட்டுவர். அதன்மேல் அட்டை வில்லையும் மெழுகு தோய்ந்த கம்பளி வில்லையும் வைப்பர். அச்சில் வார்த்த ஈயக்குண்டை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வாயில் அமர்த்தி, உறையின் விளிம்பை மடித்து இறுக்குவர். ஈயத்தில் சிறிது வெள்ளீயம் சேர்த்தால் குண்டு கடினமாகும். தடித்த எலும்பை உடைக்க அது வேண்டும். தூய ஈயம் மென்மையானது. மான் போன்ற விலங்குகளுக்குப் போதும். எதற்கு எது எனத் தேர்வதில்தான் வேட்டைக்காரனின் அறிவு வெளிப்பட்டது. ஒரு பெட்டிச் சாமானும் பொறுமையும் இருந்தால் மாதக்கணக்கில் பிறரை எதிர்பாராமல் அவன் காட்டில் இருக்க முடிந்தது. மழைநாடாகிய மலாயாவில் மட்டும் ஒரு தொல்லை: ஈரக் காற்று மருந்தைக் கெடுக்கும், தகரப் பெட்டியை மெழுகிட்டு மூடிவைக்க வேண்டும்.

இக்காலத்தில் எழுந்ததே 'எக்ஸ்பிரஸ்' ரைபிள். லண்டன் பர்டி நிறுவனத்தார் 1856இல் தம் துப்பாக்கிக்கு விரைவு ரயிலின் பெயரைச் சூட்டினர். இலேசான குண்டை மிகுந்த மருந்தால் விரைந்து செலுத்துவது அதன் முறை. 0.500 அங்குலக் குழலுக்கு 136 கிரெய்ன் கரிமருந்தும் 340 கிரெய்ன் குண்டும் என்பது அவ்வகைத் தோட்டாக்களுள் ஒன்று.

தோட்டாவைத் தேர்வதில் இரட்டைக்குழல் ரைபிளுக்கு மட்டும் உரிய ஒரு நுட்பம் உண்டு. இரண்டு குழலும் அருகருகே இருப்பதால், வலக்குழல் வெடிக்கும்போது துப்பாக்கி சற்றே வலப்புறம் திரும்பி எழும்; இடக்குழல் வெடிக்கும்போது இடப்புறம் திரும்பும். குண்டு குழலை விட்டு வெளியேறும் கணப்பொழுதுக்குள் இத்திருப்பம் தொடங்கிவிடுகிறது. ஆகவே இரண்டு குழலையும் இணையாக வைத்தால் குண்டுகள் இரு புறமும் விலகிப் போகும். இதனை ஈடு செய்யக் குழல்களின் முன்முனையைச் சற்றே ஒன்றையொன்று நோக்கிச் சாய்த்துப் பற்றவைப்பர். எவ்வளவு சாய்ப்பது என்பதைக் கணக்கால் மட்டும் முடிவு செய்ய இயலவில்லை. கைவினைஞர் சுட்டுப் பார்ப்பார், முனைகளுக்கு இடையே உள்ள சிற்றாப்பை நகர்த்துவார், பற்றை உருக்கி மீண்டும் பற்றவைப்பார், மீண்டும் சுடுவார். இரண்டு குழலின் குண்டும் குறித்த தொலைவில் ஒரே இடத்தில் சேரும்வரை இது நடக்கும். இதற்கென்றே வாழ்நாளைச் செலவிட்ட கைவினைஞர் லண்டனிலும் பர்மிங்காமிலும் இருந்தனர்.

இவ்வாறு பொருத்தப்பட்ட துப்பாக்கி, பொருத்தியபோது இட்ட அதே எடைக் குண்டுக்கும் அதே விரைவுக்கும் மட்டுமே கட்டுப்படும். மருந்து குறைந்தால் குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் தங்கும். அதற்குள் துப்பாக்கி மிகுதியாகத் திரும்பிவிடும். வலக்குண்டு வலப்புறமும் இடக்குண்டு இடப்புறமும் விலகும். மருந்து மிகுந்தால் குண்டுகள் எதிர்ப்பக்கம் தாண்டிக் குறுக்கிடும். பாய்ந்து வரும் காட்டெருமையின் முன் நிற்பவனுக்கு இது நூலறிவன்று, உயிர்ப் பிரச்சினை.

1889இல் ஏபெல், டுவார் என்னும் வேதியியலார் இருவர் கார்டைட் என்னும் புகையில்லா மருந்தைக் கண்டனர். நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாசலின் 5 பங்கு சேர்த்துச் சேமியாபோல் இழை இழையாகப் பிழியப்பட்ட பொருள் அது. கரிமருந்து வெடித்தால் பாதிக்கு மேல் திடக்கழிவாய்ப் புகையாகவும் கரியாகவும் எஞ்சும். கார்டைட் ஏறக்குறைய முழுவதும் வளியாக மாறும். 1898இல் ரிக்பி நிறுவனம் 0.450 அங்குலக் கார்டைட் ரைபிளை வெளியிட்டது. 70 கிரெய்ன் கார்டைட், 480 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 2,150 அடி விரைவு. 35 குன்றிமணி மருந்து செய்த வேலையைப் பேக்கரின் 200 குன்றிமணி செய்ய இயன்றதில்லை.

கரிமருந்துத் துப்பாக்கிகள் அதனால் ஒரே நாளில் பழையவை ஆயின. அவற்றின் குழல்கள் பல, இரும்பும் எஃகும் முறுக்கிப் பின்னிய டமாஸ்கஸ் குழல்கள்; கார்டைட்டின் அழுத்தத்துக்கு அவை ஆகா. ஆனால் உறையின் அளவோ இரண்டுக்கும் ஒன்றாக இருக்கலாம். 0.450 கரிமருந்துத் தோட்டா புகும் அறையில் 0.450 கார்டைட் தோட்டாவும் புகுந்துவிடும்! புகுவதனாலேயே பொருந்தியது என எண்ணுபவன் குழல் வெடித்து விரல்களை இழப்பான். இவ்விடரைத் தவிர்க்க, பழைய துப்பாக்கிகளுக்கென்றே அளவு குறைத்த கார்டைட் இட்ட தோட்டாக்களையும் தொழிற்சாலைகள் செய்தன.

வெப்பமும் ஒரு காரணி. கார்டைட் சூட்டில் விரைந்து எரியும், அழுத்தம் கூடும். குளிர்ந்த இங்கிலாந்தில் பொருத்திய துப்பாக்கியை, நண்பகலில் 32 பாகை செல்சியசை எட்டும் மலாயாவில், அதுவும் வெயிலில் கிடந்த தோட்டாவுடன் சுட்டால் குண்டுகள் குறி தவறும். சில வேளை வெடித்த உறை அறையிலேயே ஒட்டிக்கொள்ளும். எனவே வெப்ப நாடுகளுக்கென மருந்து சில கிரெய்ன் குறைத்த தோட்டாக்கள் விற்கப்பட்டன. கிழக்கே வருவோர் பெட்டியின் மேலட்டையைப் படித்து வாங்க வேண்டியிருந்தது. இந்தியப் படைக்குக் கார்டைட் செய்ய ஆங்கில அரசு 1904இல் நிறுவிய ஆலையும் குளிர்ந்த இடத்தில்தான் எழுந்தது. நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காடு அது. தமிழ்நாட்டு மலையில், தமிழ்த் தொழிலாளர் உழைப்பில் அந்த இழைகள் உருவாயின.

கார்டைட் வந்ததனால் வேட்டைக்காரன் ஒன்றை இழந்தான். அதனைப் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை. மாலை விளக்கின் கீழ்த் தானே தோட்டா நிரப்பும் பழக்கம் மெல்ல மறைந்தது. கேப்பில் இருந்த பாதரசம், கரிமருந்துக் காலத்தில் கரியோடு கலந்து பெரிதும் நீங்கிவிடும். கார்டைட்டில் கரி இல்லாததால் பாதரசம் நேரே பித்தளையைத் தாக்கி அதை நொறுங்கும்படி செய்தது. அத்தகைய உறையை மறுமுறை நிரப்பினால் பிளக்கும். குறுகிய கழுத்துடைய உறைகளில், கார்டைட் கற்றையை இட்டபின்தான் கழுத்தைச் சுருக்குவர். அது ஆலையில் மட்டுமே நடக்கும் வேலை. கையால் செய்தது ஆலையின் கைக்குப் போயிற்று. அன்று முதல் துப்பாக்கிக்கு உரியவன் தோட்டாவுக்கு உரியவன் அல்லன்.

இதன் விளைவு 1907இல் புலனாயிற்று. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர் உரிமமின்றிப் படைக்கலம் வைத்திருப்பதை ஏற்கெனவே தடுத்திருந்தது. படையின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளும் 0.450 அங்குலக் குண்டையே எறிந்தன. அவற்றுட் பல கிளர்ச்சியாளர் கைக்குச் சென்றிருந்தன. வேட்டைத் தோட்டாவின் குண்டு அவற்றுக்குப் பயன்படுமோ என அஞ்சிய அரசு, இந்தியாவிலும் சூடானிலும் 0.450 அளவை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. நூறாண்டுக்கு முன் பாளையங்களில் எழுந்த அதே அச்சம்! துப்பாக்கிச் செய்நர் உடனே அளவை மாற்றினர். 0.470, 0.465, 0.475 எனச் சில நூலிழை வேறுபாட்டில் புதிய தோட்டாக்கள் பிறந்தன. 0.470 அவற்றுள் நிலைபெற்றது. யானைக்கு எது ஏற்றது என்னும் ஆய்வால் பிறந்த அளவுகள் அல்ல இவை. ஓர் அரசாணையைச் சுற்றிக்கொண்டு போகப் பிறந்தவை.

மலாயாவில் இக்கருவிகளின் இலக்கு 'செலாடாங்' எனப்படும் காட்டெருமையும் யானையும். தோட்டத்துரைமாரும் அரசு அதிகாரிகளும் இவ்வேட்டையில் ஈடுபட்டனர். தியடோர் ஹப்பக் 1905இல் மலாயாவின் யானை, செலாடாங் வேட்டை பற்றி நூல் எழுதினார். கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஹப்பக் அவருடைய உடன்பிறந்தார். வேட்டையில் பெயர் பெற்ற அதே மனிதர், தோட்டங்கள் பெருகிக் காடு சுருங்குவதைக் கண்டு பிற்காலத்தில் விலங்குகளின் சார்பில் வாதாடினார். அவர் தலைமையில் அமைந்த ஆணையத்தின் அறிக்கை 1932இல் வெளிவந்தது. பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 1938-39இல் அமைந்த தேசியப் பூங்காவே இன்றைய தாமான் நெகாரா. ஜப்பானியர் ஆட்சி தொடங்கிய 1942இல் ஹப்பக் மறைந்தார். செலாடாங் இன்று, 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, முற்றிலும் காக்கப்பட்ட விலங்கு.

பேரரசு சுருங்கியபின் பெருந்தோட்டாக்களுக்குச் சந்தை இல்லை. 1960களில் கைனக் ஆலை அவற்றைச் செய்வதைக் கைவிட்டது. நல்ல நிலையில் இருந்த இரட்டைக்குழல் ரைபிள்கள் உலகெங்கும் ஊமையாயின. பின்னர் மேலை நாடுகளில் ஆர்வலர் சிலர், ஏறத்தாழ எழுபது ஆண்டு இடைவெளிக்குப் பின், மீண்டும் விளக்கின் கீழ் அமர்ந்தனர். பழைய உறைகளை அளந்தனர். புதிய உறைகளைக் கடைந்தனர். இரண்டு குண்டும் ஒன்று சேரும் விரைவைச் சுட்டுச் சுட்டுத் தேடினர். பாட்டனார் அறிந்திருந்ததைப் பேரர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. மலேசியாவில் அதற்கு இடமில்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கியும் தோட்டாவும் உரிமத்துக்கு உட்பட்டவை; 1971ஆம் ஆண்டுச் சட்டம் குற்றங்களுக்குக் கடுந்தண்டனை விதிக்கிறது. 1867ஆம் ஆண்டுக் கலகத்தின் குண்டுகளால் ஒரு தெருவுக்கே பீரங்கித் தெரு எனப் பெயர் வந்த இந்நகரத்தில், இக்கட்டுப்பாட்டைக் குறை கூறுவார் இலர்.

பழைய இரட்டைக்குழல் ரைபிள் ஒன்று எந்தத் தோட்டாவுக்குப் பிறந்தது என அறிய வழி உண்டு. லண்டனிலும் பர்மிங்காமிலும் இருந்த சோதனைச் சாலைகள் ஒவ்வொரு குழலிலும் முத்திரை பொறித்தன. கார்டைட் 70, குண்டு 480, அதற்கு மேல் கூடாது என்பது போன்ற எழுத்தும் எண்ணும் அங்கே இருக்கும். அருங்காட்சியகப் பேழைகளில் வைக்கப்படும் துப்பாக்கிகள் பக்கவாட்டில் கிடத்தப்பட்டிருக்கும். வெள்ளி வேலைப்பாடும் மரத்தின் வரிகளும் கண்ணைக் கவரும். அந்த எழுத்தோ குழலின் அடிப்புறத் தட்டையில் உள்ளது. குழலைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.